ஜாம் போத்தல் மூடிக்குக் குரோசே உறை: கலியாணத்துக்கு 120 வேண்டும், எப்படித் தொடங்குவது?

#1 தாவடிப்பிள்ளை

வணக்கம். தங்கச்சிக்கு வருகிற ஆவணியில் கலியாணம். வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துவிட வழமையான பிளாஸ்ரிக் பெட்டியும் சாவிக் கோர்வையும் வேண்டாம் என்று வீட்டில் ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். ஜாம் போத்தல் சேர்த்து, அவித்துக் கழுவி, அம்மா வறுத்து இடிக்கும் கறித்தூளை நிரப்பி, மேலே குரோசேயில் (கொளுக்கி ஊசிப் பின்னலில்) பின்னிய உறை போட்டுக் கொடுப்பதுதான் யோசனை. 120 போத்தல் வேண்டும். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் இவ்வளவு பேர் ஜாம் சாப்பிடுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு செயின், டபுள், ட்ரெபிள் தையல்கள் தெரியும். வட்டமாகப் பின்னுவேன். போத்தலுக்குப் பின்னிப் பழக்கமில்லை. அடியிலிருந்து தொடங்கி முழுப் போத்தலையும் மூடுவதா, மூடிக்கு மட்டும் போதுமா? நூல் என்ன, ஊசி என்ன? படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தில் சொன்னாலே விளங்கும்.

#2 ஓய்வுபெற்ற ரீச்சர்

பிள்ளை, நூல் வாங்க முன்னம் கணக்கைப் பார்ப்போம். முழுப் போத்தலுக்கும் உறை பின்னக் கை பழகியவருக்கே நாலு மணித்தியாலம் போகும். 120 போத்தலுக்கு 480 மணித்தியாலம். கலியாண வீட்டில் யாருக்கு அந்த நேரம்? மூடிக்கு மட்டும் என்றால் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் வைக்கலாம். ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 20 உறை.

நேரம் ஒரு காரணம்தான். அடியில் நூல் இருந்தால் போத்தல் தட்டையாக நிற்காது. குசினித் தட்டில் ஈரம் பட்டால் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். கறித்தூள் எடுக்கிற கை போத்தலின் உடம்பைத்தான் பிடிக்கும். மஞ்சள் பட்ட கை இரண்டு தரம் பிடித்தால் போதும், அந்த உறை இனி வெளுக்காது. மூடியில் இருக்கும் உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போத்தலைத் திறக்கலாம், அழுக்கானால் தோய்க்கலாம். அதனால் என் கருத்து: உடம்பைத் தொடாதே, மூடியையும் கழுத்தையும் பார்.

நூல் 10ஆம் இலக்க மெர்சரைஸ் பருத்தி. ஊசி 1.5 அல்லது 1.75 மில்லிமீற்றர் இரும்பு ஊசி. இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். 40ஆம் இலக்கத்தில் பின்னினால் பார்க்க நல்ல வடிவுதான், ஆனால் ஆவணிக்குள் முடியாது. கடையில் கம்பளி நூல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது தடித்து நிற்கும், கஞ்சி பிடிக்காது. அதைத் தொப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#3 பருத்தித்துறையான்

போத்தலுக்கு எதற்குச் சட்டை? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியத்தானே கண்ணாடியில் செய்தான்?

#4 நூல்கண்டு

அண்ணை, இதைத்தான் நீங்கள் போன வருடம் ரீவி உறை பற்றிய பேச்சிலும் கேட்டீர்கள் :)

#5 சாவகச்சேரி மாமி

பின்னல் நல்ல யோசனை பிள்ளை. ஆனால் கலியாண வீட்டில் வருகிறவர்களுக்குக் கறித்தூளா கொடுத்துவிடுவது? இனிப்புக் கொடுக்க வேண்டிய இடத்தில் உறைப்பைக் கொடுத்தால் மாப்பிள்ளை பகுதியில் ஒரு பெரியம்மா கட்டாயம் ஏதாவது சொல்லுவா. பனங்கற்கண்டு போடுங்கள். ஊர்ச் சாமான், மங்கலமும் கூட. இரண்டாவது, முழு வெள்ளையில் பின்ன வேண்டாம். சந்தன நிறம், மஞ்சள், கிளிப்பச்சை என்று ஏதாவது கலந்துவிடுங்கள்.

#6 தாவடிப்பிள்ளை

ரீச்சர், கணக்கைப் பார்த்ததும் முழு உறை ஆசை போய்விட்டது. மூடிக்கு மட்டும்தான்.

மாமி, அம்மாவும் அதே முகத்தைத்தான் காட்டினா, வாயால் சொல்லவில்லை. பனங்கற்கண்டு சரிவரும் போலிருக்கிறது. ஆனால் எறும்பு?

#7 சாவகச்சேரி மாமி

மூடி இறுக்கமாக இருந்தால் எறும்பு வராது. ஜாம் போத்தல் மூடியின் உட்பக்கம் இரப்பர் போல ஒரு வளையம் இருக்கும், அது வெடித்த மூடிகளை விலக்கிவிடுங்கள். கற்கண்டு ஈரத்தையும் இழுக்கும், அதற்கும் அந்த வளையம்தான் காவல். மூடியில் பழைய ஜாம் மணமோ ஊறுகாய் மணமோ இருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள். லேபல் பசை போகவில்லையென்றால் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துப் பூசி, கொஞ்சம் பொறுத்துத் தேய்த்தால் உரிந்து வரும்.

#8 நூல்கண்டு

மூடி உறைக்கு நான் பின்னும் முறையைத் தருகிறேன். மூடியின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மூடியை அளந்து ஒரு சுற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். டபுள், ட்ரெபிள் எல்லாம் பிரித்தானியக் கணக்கு, எங்கள் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தந்த மாதிரி.

செயின் 6 போட்டு வளையமாக இணையுங்கள். முதல் சுற்று: வளையத்துக்குள் 12 ட்ரெபிள். சுற்றின் தொடக்கத்தில் போடும் 3 செயினையும் ஒரு ட்ரெபிளாக எண்ணுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, 24. மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றில் கூட்டினால் 36. நாலாவதில் 48, ஐந்தாவதில் 60. இந்த நூலுக்கு ட்ரெபிள் சுற்று ஒன்று 6, 7 மில்லிமீற்றர் வளரும். ஐந்து சுற்றில் மூடியின் மேற்பக்கம் மூடிவிடும்.

பிறகு கூட்டாமல் 60 ட்ரெபிளில் இரண்டு சுற்று. இது மூடியின் பக்கவாட்டுக்கு.

அடுத்தது றிபன் ஓடும் சுற்று. ஒரு ட்ரெபிள், 2 செயின், இரண்டை விட்டு அடுத்ததில் ட்ரெபிள். 60 மூன்றால் வகுபடும், சரியாக 20 கண் விழும். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் 5 ட்ரெபிள், கண்ணுக்குக் கண் இடையில் ஒரு ஸ்லிப். பாவாடை விளிம்பு மாதிரி விரிந்து நிற்கும். 6 மில்லிமீற்றர் சற்றின் றிபனைக் கண்களுக்குள் கோத்து, மூடிக்குக் கீழே போத்தல் கழுத்தில் இறுக்கிப் பூ முடிச்சுப் போடுங்கள். உறை கழராது, றிபனை இழுத்தால் கழற்றலாம்.

சந்தன நிறத்தில் உடலும் கடைசிச் சுற்று மட்டும் கலியாணச் சேலையின் கரை நிறத்திலும் பின்னினால் மாமி சொன்னதும் சரிவரும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும்.

#9 இணுவில் கொழுந்து

ரீச்சர், நூல்கண்டு அக்கா, நான் புதிதாகப் பழகுகிறேன். யூரியூப் பார்த்துப் பின்னும் வட்டம் தட்டையாக வராமல் ஒருக்கால் கிண்ணம் மாதிரிக் குவிகிறது, ஒருக்கால் விளிம்பு அலை அலையாக நெளிகிறது. ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு எண்ணிக்கை. எதை நம்புவது?

#10 கணக்குப் பிரியன்

இது நான் பதில் சொல்லக்கூடிய இடம், ஊசி பிடிக்கத் தெரியாவிட்டாலும்.

வட்டத்தின் ஆரை ஒரு சுற்றுக்கு எவ்வளவு கூடுகிறதோ, அதன் சுற்றளவு அதைப்போல் 2π மடங்கு கூட வேண்டும். அதாவது 6.28 மடங்கு. ஆரையில் கூடுவது ஒரு தையலின் உயரம். சுற்றளவை நிரப்புவது தையலின் அகலம். ஆக ஒரு சுற்றில் கூட்டவேண்டிய தையல் = 6.28 × உயரம் ÷ அகலம். உங்கள் டபுளில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே சுற்றுக்கு 6. ட்ரெபிளின் உயரம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, ஆகவே 12. கை இறுக்கமானவருக்கும் மெல்லிய நூலுக்கும் ட்ரெபிள் இன்னும் ஒடுங்கும், அப்போது 14 கூடக் கேட்கும்.

குறைவாகக் கூட்டினால் குவியும். கூடக் கூட்டினால் நெளியும். இரண்டும் சேர்ந்து வருகிறதென்றால் கை இறுக்கம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது.

#11 ஓய்வுபெற்ற ரீச்சர்

கணக்குப் பிரியன் சொன்னதோடு இதையும் வைத்துக்கொள் கொழுந்து. அமெரிக்க வீடியோவில் சிங்கிள் என்பது எங்கள் டபுள். அவர்களுடைய டபுள் எங்கள் ட்ரெபிள். அவர்கள் டபுளுக்கு 12 என்று சொல்ல, நீ எங்கள் டபுளில் 12 போட்டால் நெளியாமல் என்ன செய்யும்? வீடியோவின் தொடக்கத்தில் சிங்கிள் என்ற பெயர் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. பிரித்தானிய முறையில் அந்தப் பெயரே வராது.

மூடி உறைக்குக் கொஞ்சம் குவிந்தால் நல்லதுதான், மூடியைக் கவ்விப் பிடிக்கும். மேசை விரிப்புக்குத்தான் தட்டையாக வர வேண்டும்.

#12 பருத்தித்துறையான்

எனக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. சோளகம் தொடங்கினால் எங்கள் வீட்டில் கதிரைக்கு மேல் கை வைக்க முடியாது, புழுதி. அந்தக் காலத்தில் அலுமாரி விரிப்பு, றேடியோ உறை, கூஜா மூடி, மேசை நடுவில் ஒன்று, அதன் மேல் பூச்சாடிக்குக் கீழே ஒன்று. அம்மா இரண்டு கிழமைக்கு ஒரு தரம் எல்லாம் தோய்த்துக் காயப்போட்டா. யாருக்காக? வருகிறவர்கள் பார்க்க. அந்த வேலையை இப்போதைய பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

#13 கோண்டாவில் கைவேலை

அண்ணை கேட்பது ஒரு பக்கம் நியாயம். ஆனால் கூஜா மூடியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வலைப் பின்னலில் வட்டம், விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி மணி. மணியின் பாரத்தில் துணி இழுபட்டு நிற்கும், காற்றில் பறக்காது, பாலில் ஈ விழாது. பிளாஸ்ரிக் மூடி வர முன்னம் அதற்குப் பெரிய பயன் இருந்தது. வேலை செய்த சாமான் அது, காட்சிக்கு வைத்ததில்லை. இப்போதும் மோர்ப்பந்தலில் செம்புக்கு மேல் போட அதைவிட நல்ல மூடி கிடையாது.

றேடியோ உறையை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

#14 கணக்குப் பிரியன்

வெளிச்சம் பட்டால் மிளகாய்த்தூளின் சிவப்பு மங்கும் என்பது உண்மை. அதனால் முழு உறை பயன்தானே என்று யாராவது வாதிடலாம். ஆனால் றேந்தை (லேஸ்) மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பின்னினால் வெளிச்சம் உள்ளே போகும். இறுக்கமாக டபுளில் பின்னினால்தான் மறைக்கும். அதைவிடத் தூள் போத்தலை அலுமாரிக்குள் வைப்பது சுகம்.

#15 ரொறொன்ரோ அக்கா

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே கலியாணங்களில் மேசை நடுவில் கண்ணாடிச் சாடிக்குக் குரோசே உறை போட்டு உள்ளே மெழுகுதிரி வைப்பார்கள். ஓட்டைகளுக்கூடாக வெளிச்சம் சுவரில் கோலம் மாதிரி விழும். தாவடிப்பிள்ளை, மண்டப மேசைகளுக்கு அப்படிப் பத்து முழு உறை பின்னினால் என்ன?

#16 வண்ணார்பண்ணை ஐயா

பிள்ளைகள், அந்த மெழுகுதிரி யோசனைக்குத்தான் எழுத வந்தேன்.

ஜாம் போத்தலும் நெருப்பும் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். 1990இல் மின்சாரம் போய், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய், சின்னத் திரி, சின்னச் சுடர். எண்ணெய் செலவு மிகக் குறைவு. கண்ணாடி காற்றை மறைக்கும், புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். அந்தச் சின்னச் சுடருக்கே போத்தல் கழுத்து சுடும். வெறுங் கையால் தூக்க முடியாது. சில போத்தல் வெடித்தும் இருக்கிறது.

அதற்கு நூல் உறை போட்டு, மண்டபத்தில் குழந்தைகள் ஓடித்திரியும் மேசையில் வைப்பதா? பருத்தி பற்றினால் எரியும். அக்ரிலிக் இன்னும் மோசம், உருகித் தோலில் ஒட்டும். பொத்தான் பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. மெழுகுதிரி கடைகளில் கிடைக்கிறது. வெளிச்சக் கோலம் அதிலும் விழும்.

#17 ரொறொன்ரோ அக்கா

ஓம் ஐயா, சரி. எல்.ஈ.டி. என்று மாற்றி வாசியுங்கள். பத்து முழு உறைக்கும் இங்கிருந்து நூல் அனுப்புகிறேன், அந்தக் கடனை நான் எடுக்கிறேன்.

#18 நூல்கண்டு

அப்படியென்றால் முழு உறைக்கும் ஒரு குறிப்பு. அடியை மூடாதீர்கள். ரீச்சர் சொன்ன ஆட்டப் பிரச்சினை மேசையிலும் உண்டு. கழுத்துப் பக்கத்திலிருந்து கீழே இறங்கிப் பின்னுங்கள். 7 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள போத்தலின் சுற்றளவு 22 சென்ரிமீற்றர். உறையை 20 சென்ரிமீற்றருக்குப் பின்னுங்கள், போத்தலில் ஏற்றும்போது இழுபட்டுப் பிடிக்கும். அளவுக்கு அளவு பின்னினால் இரண்டு நாளில் தளர்ந்த காலுறை மாதிரி வழுகிக் கீழே நிற்கும்.

மாதிரி வேண்டுமென்றால் 5 செயின் வளைவு வலைதான் கெதியாக வளரும். ஒவ்வொரு வளைவையும் கீழ் வளைவின் நடுவில் ஒரு டபுளால் பிடிக்க வேண்டும். தோளில் அகலமாகிற இடத்தில் தையல் கூட்டத் தேவையில்லை, வளைவை 6, 7 செயினாக நீட்டினால் போதும்.

தோலகட்டி நெல்லிரசப் போத்தல் மாதிரி உயரப் போத்தல் இருந்தாலும் இதே முறைதான். பூ ஒன்றிரண்டு செருகி வைக்க அது இன்னும் வடிவு.

#19 இணுவில் கொழுந்து

கேட்க மறந்துவிட்டேன். மெர்சரைஸ் என்றால் என்ன? சாதாரணப் பருத்தியை விட விலை கூடச் சொல்கிறார்களே.

#20 ஓய்வுபெற்ற ரீச்சர்

பருத்தி நூலைக் காரமான சோடாக் கரைசலில் நனைத்துப் பதப்படுத்துவது. ஜோன் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844 அளவில் கண்டுபிடித்து 1850இல் காப்புரிமை எடுத்தார். அவர் முறையில் நூல் பலமாகியது, சாயமும் நன்றாகப் பிடித்தது, ஆனால் சுருங்கியது. ஆலைக்காரர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1890இல் ஹொரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடி அதே கரைசலில் நனைத்துப் பார்த்தார். சுருக்கமும் குறைந்தது, பட்டு மாதிரி மினுக்கமும் வந்தது. நாங்கள் ஆங்கர் என்று கேட்டு வாங்குகிற நூல்களின் மினுக்கம் அதுதான். தையல் எடுப்பாகத் தெரியும், தோய்த்தாலும் பிசிறாது. பரிசுக்குப் பின்னுவதென்றால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

#21 மானிப்பாய் மருமகள்

யாழ்ப்பாணத்துக்குக் குரோசே எப்படி வந்தது? எங்கள் அம்மம்மா மிசன் பள்ளிக்கூடத்தில் பழகியதாகச் சொல்லுவா.

#22 ஓய்வுபெற்ற ரீச்சர்

அம்மம்மா சொன்னது பொருந்தும். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோதே தையலும் பாடம். ஆனால் அந்த ஆண்டில் குரோசே என்று நினைத்துவிடாதீர்கள், ஐரோப்பாவிலேயே அது பரவலானது அதற்குப் பிறகுதான். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழிந்து பஞ்சம் வந்தபோது, கன்னியர்மடங்கள் பெண்களுக்குக் குரோசே றேந்தை பழக்கி விற்க வழிசெய்தன. வெனிஸ் நகரத்து ஊசி றேந்தையைப் பார்த்துச் செய்தது, ஆனால் அதைவிடக் கெதியில் முடியும். ஒரு கொளுக்கி ஊசியும் நூலும் போதும் என்பதால் ஏழை வீட்டுக்கும் ஏற்றது. அது மிசனரிமாரோடும் கன்னியாஸ்திரிமாரோடும் உலகம் சுற்றியது.

தெற்கில் காலி, வெலிகமப் பக்கம் பின்னுவது வேறு. பீரலு என்று சொல்லும் மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, உருளைத் தலையணையில் குண்டூசி குத்திப் பின்னும் றேந்தை அது. அதற்குத் தலையணையும் கட்டைகளும் வேண்டும், ஓர் இடத்தில் இருக்க வேண்டும். குரோசேயைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் பின்னலாம். நான் பின்னியிருக்கிறேன், நடத்துநர்மார் பழகிவிட்டார்கள்.

#23 கோண்டாவில் கைவேலை

விலைப் பேச்சு ஒன்று. நான் நல்லூர்த் திருவிழா நாளில் கைவேலைச் சாமான் வைத்து விற்பவள். ஒரு மூடி உறைக்கு ஒரு மணித்தியாலம் என்று ரீச்சர் எழுதியிருக்கிறா. மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், கூலி வேலைக்குப் போகிறவர் அதற்குச் சம்மதிப்பாரா தெரியாது. அதோடு நூல், றிபன். அந்த விலையைச் சொன்னால் வருகிறவர்கள், “கடையில் மெசின் றேந்தை முழம் இவ்வளவுதானே” என்கிறார்கள்.

மெசின் றேந்தையும் குரோசேயும் ஒன்றல்ல. குரோசேயின் தையலை அப்படியே போட்டுக் கடைக்குச் சாமான் செய்து தள்ளுகிற மெசின் எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை. கடையில் குரோசே மாதிரி இருக்கும் மெசின் துணி வேறு விதமாகப் பின்னியது, தூரத்தில் பார்க்க மட்டும் ஒத்திருக்கும். உண்மையான குரோசே எங்காவது மலிவாகக் கிடைத்தால் அதைப் பின்னிய கைக்கு யாரோ காசு கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

நகரத்தில் ஒரு கடைக்காரர் விற்றபின் காசு தருகிறேன் என்று என்னிடம் சாமான் வாங்கி வைத்தார். விற்றது, காசு வரவில்லை. அதற்குப் பிறகு கடைக்குக் கொடுப்பதில்லை.

#24 ரொறொன்ரோ அக்கா

தங்கச்சி, எனக்கு 30 மூடி உறை வேண்டும், கார்த்திகைக்குள். சொன்ன விலைக்கு. தனிமடல் போடுகிறேன்.

#25 பருத்தித்துறையான்

விற்பதென்றால் நானும் ஆதரவு. வீட்டில் சும்மா பின்னித் தோய்ப்பதற்குத்தான் எதிர்.

#26 தாவடிப்பிள்ளை

முதல் உறை பின்னிவிட்டேன், நூல்கண்டு அக்காவின் முறைப்படி. மூடியில் கச்சிதமாக இருக்கிறது. விளிம்புதான் துவண்டு விழுகிறது. விரிந்து நிற்கக் கஞ்சி போடுவதா? சீனிப்பாகு போடச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

#27 சாவகச்சேரி மாமி

சீனிப்பாகா! பனங்கற்கண்டுப் போத்தலுக்கு மேல் சீனி பூசிய துணி. எறும்புக்குத்தான் கலியாணம்.

மரவள்ளி மா கஞ்சி போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீர் ஒரு கோப்பையில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரித் தெளியும். ஆறவிட்டு, உறையைத் தோய்த்துப் பிழிந்து, கவிழ்த்த போத்தலின் அடியில் போட்டு விளிம்பைக் கையால் விரித்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் மங்கும்.

#28 ஓய்வுபெற்ற ரீச்சர்

மாமியின் கஞ்சி சரி. அதனுடன் இரண்டு விசயம். கஞ்சியுடன் உறைகளை நெடுநாள் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாப்பொருள் விருந்து, நூலையும் சேர்த்துத் தின்னும். பின்னி முடித்ததைக் கஞ்சி போடாமல் அடுக்கி வையுங்கள், கலியாணத்துக்கு முதல் கிழமை எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கஞ்சி போடலாம்.

இரண்டாவது தண்ணீர். எங்கள் கிணறுகளுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் திரைந்து, அந்தத் திரை நூலுக்குள் தங்கும். வெள்ளை, சந்தன நிறம் எல்லாம் சாம்பல் பூத்துப்போவது அதனால்தான். சலவைத்தூளுக்கு அந்தத் திரைப்பு இல்லை. கடைசியாக அலசும் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு, பிறகு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆவணியில் மழைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள்.

#29 தாவடிப்பிள்ளை

நன்றி ரீச்சர், மாமி. இப்போதைய நிலவரம்: மூடி உறை 120, சந்தன நிறம், கடைசிச் சுற்று அரக்குச் சிவப்பு. அயலில் இரண்டு பேர், மச்சாள், பெரியம்மா, கொழுந்து, நான் என்று ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். கொழுந்து இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்துபோகிறா. மேசைக்கான பத்து முழு உறையை ரொறொன்ரோ அக்காவின் நூல் வந்தபிறகு பார்ப்போம், வராவிட்டால் ஐந்தோடு நிறுத்துவோம். உள்ளே பனங்கற்கண்டு. அம்மாவின் கறித்தூள் மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தனியாக, பெரிய போத்தலில், உறை இல்லாமல்.

எல்லோருடைய கையும் ஒரே இறுக்கம் இல்லை. பெரியம்மா பின்னியது மூடியில் ஏறவே மாட்டேன் என்கிறது. அவவிடம் சொல்லவும் ஏலாது.

#30 நூல்கண்டு

பெரியம்மாவுக்கு 1.75 ஊசியைக் கொடுங்கள், அதுவும் இறுக்கமென்றால் 2. உங்களுக்கு 1.5. ஊசியை மாற்றினால் அளவு மாறும், வாயைத் திறக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் முதல் உறையை முடித்ததும் ஒரே மூடியில் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடங்கட்டும்.

#31 மானிப்பாய் மருமகள்

அரக்குச் சிவப்பு நூல் சாயம் விடாதா? சந்தன நிறத்தோடு சேர்த்துக் கஞ்சியில் தோய்க்கப் போகிறீர்களே.

#32 ஓய்வுபெற்ற ரீச்சர்

நல்ல வேளை கேட்டாய். சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி, வெள்ளைச் சீலைத் துண்டில் சுற்றி, இளஞ்சூடான சலவைத்தூள் தண்ணீரில் அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். சீலை வெள்ளையாக இருந்தால் பின்னலாம். இளஞ்சிவப்பு ஏறினால் அந்த நூலைக் கடையில் கொடுத்து மாற்றுங்கள். மாற்ற மாட்டார்கள் என்றால் பின்ன முன்னமே நூல்கண்டைத் தளர்வான சிட்டமாகச் சுற்றி, தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவிட்டுப் பின்னுங்கள். கஞ்சி ஆறியபிறகே தோய்க்க வேண்டும், சூட்டில் சாயம் கூட இறங்கும்.